வலைக் கொட்டகை மண்

எங்கள் தெருவில் எனக்கு ‘பூச்சி மருந்து டீச்சர்’ என்று பெயர். முப்பது வருடத்துக்கு மேல் கணக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன், அது ஒருத்தருக்கும் ஞாபகம் இல்லை. புதுக்கோட்டையில் நான் குடியிருக்கும் தெருவில் எவர் வீட்டுக்காவது நாய்க்குட்டி வந்தால் மறுநாள் காலையில் அந்த வீட்டு கேட்டில் நான் நிற்பேன். “குட்டிக்குக் குடற்புழு மருந்து குடுத்தீங்களா?” என்று கேட்பேன். இல்லை என்றால் கால்நடை மருந்தகத்துக்கு வழி சொல்வேன். மழுப்பினால் விடமாட்டேன், சாயங்காலம் மறுபடி போவேன். என் தலையைக் கண்டதும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறவர்களும் உண்டு.

சிரித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை. நம் வயதுக்காரர்களுக்குச் சர்க்கரை, மூட்டு வலி, மருமகள் என்று பேச எவ்வளவோ இருக்க, இவளுக்கு நாய்க்குட்டி வயிற்றுப் பூச்சிதானா கிடைத்தது என்று தோன்றும். மருந்தகத்து டாக்டரம்மாவே ஒருநாள் கேட்டுவிட்டார்: “நீங்க நாய் வளக்குறீங்களா டீச்சர்?” “இல்லம்மா, எங்க வீட்ல வளக்குறதில்ல” என்றேன். “அப்ப எதுக்கு இவ்வளவு அக்கறை?” என்றார். சமூகத்துக்கு நம்மால் ஆனது என்று ஏதோ உளறிவிட்டு வந்தேன்.

அக்கறையாவது மண்ணாவது. இது பொறாமையில் ஆரம்பித்த சமாச்சாரம். என் தங்கச்சி மேல் எனக்கு இருந்த பொறாமை. அதைத்தான் உங்களிடம் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன். உங்களிலும் மூத்தவளாகப் பிறந்தவர்கள் இருப்பீர்கள், புரிந்துகொள்வீர்கள்.

எங்கள் ஊர் கோட்டைப்பட்டினத்துக்குப் பக்கம், கடலை ஒட்டி. எனக்கு ஒன்பது வயது, தங்கச்சிக்கு ஆறு. அத்தா, எங்கள் வழக்கில் அப்பா, துபாயில் இருந்தார். அந்தக் காலத்தில் போன் ஏது? கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்து அனுப்புவார். கேசட் வந்த அன்று அம்மா கதவைச் சாத்தி, டேப்ரிக்கார்டரைப் பாயின் நடுவில் வைத்து, எங்கள் இரண்டு பேரையும் இரண்டு பக்கமும் உட்காரவைத்துப் போடுவாள். சலாம் சொன்ன கையோடு அத்தா கேட்பது இதுதான்: “என் சின்னக்குட்டி என்ன பண்ணுது? வெரல் சப்புறத விட்டிருச்சா இல்லையா?” அப்புறம் அவர் சிரிப்பார். அந்தச் சிரிப்பு கேட்டதும் இவள் இடது கைக் கட்டைவிரலை வாயில் போட்டுக்கொண்டே டேப்ரிக்கார்டரைப் பார்த்துச் சிரிப்பாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரியும். என் முறை கடைசியில் வரும், அநேகமாக நாடா தீரப்போகும்போது. “பெரியவளே, அம்மாவுக்கு ஒத்தாசையா இரும்மா.” அவ்வளவுதான். ஒரு தடவை ‘ஒத்தாசையா’ என்பதோடு நாடாவே முடிந்துவிட்டது.

ஆறு வயதுப் பிள்ளை விரல் சப்பினால் கண்டிக்க வேண்டாமா? வேப்பெண்ணெய் தடவ வேண்டாமா? எங்கள் வீட்டில் அதைக் கொஞ்சினார்கள். சாச்சா, அதாவது அத்தாவின் தம்பி, “இது வாயில வெரல் இருந்தா வீடே அமைதியா இருக்கு” என்பார். நான் ஒன்பது வயதில் மீன் ஆய்ந்தேன், வாசல் கூட்டினேன், தண்ணீர் எடுத்தேன். எனக்கு நல்ல பெயர் இருந்தது, கொஞ்சல் இல்லை.

அந்த வருடம் மழை ஓய்ந்த கையோடு, எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த பழைய வலைக் கொட்டகையில் ஒரு தெருநாய் குட்டி போட்டது. கிழிந்த வலைகளைக் குவித்துப் போட்டு யாரும் எட்டிப் பார்க்காத கொட்டகை அது. கீற்று பாதி இல்லை. உள்ளே உப்பும் பழைய மீனும் கலந்த ஒரு வாடை அடிக்கும். குட்டிகளை முதலில் பார்த்தது நான். இதை அழுத்திச் சொல்கிறேன், முதலில் பார்த்தது நான். நாலு குட்டிகளில் மூன்று ஒன்றன்பின் ஒன்றாகக் காணாமல் போயின. மிஞ்சியது ஒன்று. செம்பட்டை நிறம், நெற்றியில் வெள்ளைப் பொட்டு, முன்னங்கால் இரண்டும் சாக்ஸ் போட்டதுபோல் வெள்ளை.

அது என்னுடையது என்று முடிவு செய்துகொண்டேன். யாருக்கும் தெரியாமல் சோற்றை மடியில் கட்டிக்கொண்டு போவேன். எங்கள் வீடுகளில் நாயை அடிக்கமாட்டார்கள், தண்ணீர் வைப்பார்கள், ஆனால் தொடமாட்டார்கள். நாயின் ஈரம் உடம்பில் பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கரைத்த தண்ணீரால். மதரஸாவில் ஓதிக்கொடுத்ததுதான். தெரிந்தும் தொட்டேன். அதன் வயிற்றில் கை வைத்தால் பால் காய்ச்சி இறக்கிய பாத்திரம் போலக் கதகதப்பாக இருக்கும். யாரும் பார்க்கவில்லை, அதனால் நான் ஏழு தடவையும் கழுவவில்லை, ஒரு தடவையும் கழுவவில்லை.

நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, இவள் மோப்பம் பிடித்துப் பின்னாலேயே வந்துவிட்டாள். “லாத்தா, மடியில என்ன?” என்றாள். எங்களில் அக்காவை லாத்தா என்றுதான் கூப்பிடுவோம். வாயில் விரல் வேறு. குட்டி என்ன செய்தது தெரியுமா? நான் வைத்த சோற்றை அப்படியே போட்டுவிட்டு, உருண்டு புரண்டு அவளிடம் ஓடியது. அவள் கையை நக்கியது. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றிலிருந்து நான் போனால் தலையைத் தூக்கிப் பார்க்கும், அவள் போனால் வாலோடு சேர்த்துப் பின்பாதி முழுவதும் ஆடும். இத்தனைக்கும் சோறு என் சோறு! அத்தாதான் அப்படி என்றால் நாயுமா?

பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. அம்மாவிடம் போய்ச் சொன்னேன்: “அம்மா, இவ நாய்க்குட்டியத் தூக்கி வச்சிருக்கா. கையெல்லாம் நக்குது.”

“அல்லாவே! எங்கடி அவ?” என்று அம்மா அவளைத் தரதரவென்று கிணற்றடிக்கு இழுத்து வந்தாள். பிறகு என்னிடம் ஒரு கொட்டாங்கச்சியைக் கொடுத்தாள். “கருவேலங்காட்டுக்கு அங்கிட்டு மேடு இருக்குல்ல, அதுல போயி மண்ணு அள்ளிட்டு வா. ஆளு நடமாடாத எடமாப் பாத்து, மேல் மண்ண ஒதுக்கிட்டு, அடியில இருக்குறத அள்ளணும். சுத்தமான மண்ணா இருக்கணும், தெரியுதா?”

தெரிந்தது. முதல் தடவை ஒழுங்காக மேட்டுக்குத்தான் போனேன். வெயில், காலில் முள், போக வரப் பாதி மத்தியானம் போனது. திரும்பி வந்தால் இவள் கிணற்றுச் சுவரில் உட்கார்ந்து வெல்லக்கட்டி தின்றுகொண்டிருக்கிறாள். அழுதாள் என்று அம்மா வாயில் போட்டதாம். தப்புச் செய்தவளுக்கு வெல்லம், எனக்கு முள். அம்மா செம்பில் மொண்டு ஊற்ற ஊற்ற “ஒண்ணு... ரெண்டு...” என்று எண்ணினாள். முதல் தண்ணீரில் மண்ணைக் கரைத்து முழங்கைவரை தேய்த்தாள். இவள் கிச்சுக்கிச்சு மூட்டியதுபோல் நெளிந்தாள்.

இரண்டு நாள் கழித்து மறுபடி தொட்டாள். மறுபடி சொன்னேன். மறுபடி கொட்டாங்கச்சி என் கையில். தெருமுனைவரை நடந்து நின்றேன். மேட்டுக்குப் போகவில்லை. சந்து வழியாகச் சுற்றி வலைக் கொட்டகைக்குள் நுழைந்து, குட்டி படுத்துப் புரண்டு அசிங்கம் செய்து வைத்திருந்த மூலையில், வலைக்கு அடியிலிருந்த மண்ணைச் சுரண்டி அள்ளினேன். சோம்பேறித்தனம் என்று சொல்லித் தப்பிக்கலாம். அது இல்லை. ‘உனக்கு அந்த நாய்தானே வேணும், அதோட பீயிலயே கையைக் கழுவு’ என்றுதான் அள்ளினேன். நன்றாகக் காய்ந்து பொடிந்த மண். பார்வைக்கு மேட்டு மண் மாதிரியேதான் இருந்தது. அம்மா விரலால் தொட்டுப் பார்த்து, “நல்ல மண்ணு” என்றாள். எனக்குள் எவ்வளவு குளிர்ச்சி! அன்று ராத்திரி சோறு நன்றாக இறங்கியது.

அதற்கப்புறம் எத்தனை தடவை என்கிறீர்கள்? ஆறு இருக்கும், ஏழும் இருக்கும். அவள் தொடுவாள், நான் சொல்வேன், அம்மா எண்ணுவாள். ஒவ்வொரு தடவையும் வலைக் கொட்டகை மண்தான். மண்ணுக்குப் பிறகு ஆறு தடவை நல்ல தண்ணீர் ஊற்றுவார்களே என்பீர்கள். ஊற்றினாள்தான். ஆனால் பக்கத்தில் நின்ற எனக்கு எல்லாம் தெரியும். நகக்கண்ணில் கறுப்பாக மண் ஒட்டியிருக்கும். இவள் பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு நேரே விரலை வாயில் வைப்பாள். சில நாள் வழக்கத்தைவிட அதிகமாக, கண்ணை மூடிக்கொண்டு சப்புவாள். பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

குட்டிக்கு வயிறு பானையாக உப்பிக்கொண்டே வந்தது. கை கால் குச்சி, வயிறு மட்டும் மினுமினுவென்று. சாச்சா எட்டிப் பார்த்துவிட்டு, “ரெண்டு பேரும் சேந்து வீட்டுச் சோத்தப் பூராத் தின்னக் குடுத்திருக்கீங்க, கொழுத்துப்போச்சு” என்றார். ஒரு காலை நேரத்தில் அது எங்கள் எதிரிலேயே வாந்தி எடுத்தது. பிழிந்து போட்ட இடியாப்பம் மாதிரி வெள்ளை வெள்ளையாக, ஆனால் நெளிந்துகொண்டிருந்தது. நான் அலறி ஓடிவிட்டேன். இவள் ஓடவில்லை. “பாவம் லாத்தா, அதுக்கு வயிறு வலிக்குது” என்று குட்டியின் முதுகைத் தடவினாள். நாலு நாளில் குட்டி செத்துப்போனது. மூன்று நாள் இவள் சாப்பிடவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லாம் வந்து தாங்கினார்கள். அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை. முதலில் பார்த்தது நான் அல்லவா, என்னை ஒருத்தியாவது கேட்டாளா?

அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். நோன்புப் பெருநாளைக்கு அத்தா துணிமணியும் ஒரு கேமராவும் கொடுத்து அனுப்பினார். இவளுக்குச் சரிகைப் பூப்போட்ட ரோஸ் கவுன், எனக்குப் பாவாடைத் துணி. சாச்சா பளிச்சென்று வெளிச்சம் அடிக்கும் அந்தக் கேமராவில் எங்களை நிற்கவைத்து எடுத்தார். படம் கழுவி வந்ததும் நான் பார்த்தது ரோஸ் கவுனைத்தான். அப்புறம்தான் கண்களைப் பார்த்தேன். எனக்கு இரண்டு கண்ணும் சிவப்பாக விழுந்திருந்தன. அவளுக்கு ஒரு கண் சிவப்பு, இடது கண் வெள்ளை. பூனைக் கண் மாதிரி வெள்ளை. “ஸ்டூடியோக்காரன் கெடுத்துட்டான்” என்றார் சாச்சா. “என் படம் நல்லா விழுந்திருக்கு, அவ படம் கெட்டுப்போச்சு” என்று நான் தெருவெல்லாம் காட்டிக்கொண்டு திரிந்தேன். அந்தப் படம் இப்போது இல்லை. எந்த வீடு மாறும்போது தொலைந்தது என்றும் தெரியவில்லை.

கொஞ்ச நாளில் அந்தக் கண் மூக்குப் பக்கம் லேசாகச் சாய ஆரம்பித்தது. மாறுகண் அதிர்ஷ்டம் என்று தெருவில் சொன்னார்கள். பாருங்கள், அதுவும் அவளுக்கு அதிர்ஷ்டம்தான். ஒருநாள் கண்ணாமூச்சி விளையாடும்போது நான் கட்டிய துணி நழுவி, அவளுக்கு இடது கண் முழுதாக வெளியே தெரிந்தது. “ஏய், பாக்குறா பாக்குறா, கள்ளாட்டம்!” என்று எல்லாரும் கத்தினோம். அவள் கையை நீட்டித் தடவிக்கொண்டே வந்து தூணில் முட்டிக்கொண்டாள். தூண் அவளுக்கு நேர் எதிரே இருந்தது. வெளியே தெரிந்த கண் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

மதுரையில் ஒரு பெரிய கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். அம்மா, சாச்சா, அவள். “லாத்தா வந்தாத்தான் வருவேன்” என்று பஸ்ஸில் ஏறாமல் அடம்பிடித்ததால் நானும். விராலிமலை மயிலைக்கூடப் பார்த்திராத எனக்கு மதுரை பார்க்கக் கிடைத்தது, அவள் தயவில். பஸ்ஸில் ஜன்னலோரம் அவளுக்கு, பை என் மடியில்.

டாக்டர் வயதானவர், நிதானமாகப் பேசினார். பணம் கட்டப் போன சாச்சா அம்மாவிடம் கொடுத்திருந்த போட்டோவையும் வாங்கிப் பார்த்தார். கண்ணில் மருந்து விட்டு, விளக்கைப் பிடித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு அம்மாவிடம் சொன்னார்:

“கண்ணுக்குள்ள வெள்ளையா ஒரு கட்டி மாதிரி தெரியுதும்மா. ரெண்டுல ஒண்ணா இருக்கலாம். ஒண்ணு, பிள்ளைகளுக்கு வர்ற புத்துக்கட்டி. அதுன்னா கண்ண எடுத்துத்தான் ஆகணும், இல்லாட்டி உயிருக்கு ஆபத்து. இன்னொண்ணு, நாய்க்குட்டி வயித்துல இருக்குற உருளைப்புழு. அதோட குஞ்சு ஒடம்புக்குள்ள போயி வழி தெரியாம அலஞ்சு, கண்ணுல வந்து தங்கிரும். அதுன்னா கண்ண எடுக்க வேண்டியதில்ல. ரெண்டும் பாக்க ஒரே மாதிரி இருக்குறதுதான் செரமம். வீட்டுல நாய் வளக்குறீங்களா?”

“இல்லங்க” என்றாள் அம்மா. “நாங்க நாயே தொட மாட்டோங்க.”

“பக்கத்து வீட்டுல? குட்டியோட வெளையாடுவாளா?”

“அதெல்லாம் கெடையாதுங்க டாக்டர். எங்க வழக்கத்துலயே இல்லீங்க.”

அம்மா பொய் சொல்லவில்லை. இதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். ஏழு தடவை எண்ணிக் கழுவியாயிற்று என்றால் அவள் கணக்கில் அது தொடாததுதான். கழுவின கை சுத்தமான கை. அந்த மண் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

டாக்டர் ஏதோ எழுதிக்கொண்டார். நாளை மறுநாள் மயக்க மருந்து கொடுத்து நன்றாகப் பார்த்துவிட்டு, கட்டிதான் என்று பட்டால் அப்போதே கண்ணை எடுத்துவிடுவோம், இவள் அத்தா சம்மதத்துக்குக் காத்திருக்க நேரமில்லை, நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். அம்மா சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

ஒன்றரை நாள் நான் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் மண் வெளியே வரும். மண் வெளியே வந்தால் அம்மா என்னைக் கொன்றுபோடுவாள் என்று பயம். பக்கத்துக் கட்டில்காரர்கள் இவளுக்கு ஆப்பிள் கொடுத்தார்கள், நர்ஸ் ரிப்பன் கட்டிவிட்டாள். சாச்சா தந்தி கொடுத்தாயிற்று, அத்தா வருகிறாராம். மூன்று வருடமாக வராத அத்தா இவளுக்காக வருகிறார். எனக்கு அம்மை போட்டிருந்தபோது கேசட்தான் வந்தது.

கண்ணை எடுக்கும் நாளுக்கு முந்தின சாயங்காலம், தங்கச்சி மேல் பாசம் பொங்கி ஓடிப்போய் டாக்டரிடம் சொன்னேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். நடந்தது அது இல்லை. ஆப்பிள் தின்றுகொண்டிருந்த அவளைப் பார்த்தபடி நான் யோசித்தது இதுதான்: ஒரு கண் போய்விட்டால், இவள் சாகிறவரைக்கும் எல்லாரும் இவளைத்தான் கொஞ்சுவார்கள். அத்தா அப்புறம் என் பக்கம் தலையைத் திருப்பவே மாட்டார். இவளுக்குக் கண் இருந்தாக வேண்டும். அந்தப் பொறாமையில்தான் எழுந்து போனேன்.

டாக்டர் வராந்தாவில் வந்துகொண்டிருந்தார். கோட்டைப் பிடித்து இழுத்தேன். “அவ குட்டியத் தொட்டா டாக்டர். தெனமும் தொட்டா. வெரல் சப்புவா. அது வாயில புழுப் புழுவா வந்து செத்துப்போச்சு.”

அவர் குனிந்து என் உயரத்துக்கு வந்தார். “எத்தன மாசம் இருக்கும்?”

“மழை விட்ட அப்புறம்.”

“அந்தக் குட்டி கெடந்த எடத்து மண்ணு? அது அவ கையில படுமா? ஏன் கேக்குறேன்னா, குட்டி நக்குறதுலயோ புது அசிங்கத்துலயோ அவ்வளவா பயமில்ல. புழு முட்டை மண்ணுல விழுந்து ரெண்டு மூணு வாரம் கெடந்து முத்துனாத்தான் ஒட்டும். பழைய மண்ணுதான் மோசம்.”

அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. காய்ந்து பொடிந்து, பார்க்க நல்ல மண் மாதிரியே இருந்த அது கண்முன் வந்தது. “படும் டாக்டர்” என்றேன். “அங்கதான் வெளையாடுவா.” பாதி உண்மையைச் சொன்னேன். மறு பாதியைப் போன மாதம்வரை யாரிடமும் சொன்னதில்லை.

ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள், ஸ்கேன் பார்த்தார்கள், ஆபரேஷனைத் தள்ளிப்போட்டார்கள். புழுதான் என்று முடிவானது. மருந்து கொடுத்தார்கள். கண் தங்கியது, பார்வை தங்கவில்லை. வெளிச்சம் மட்டும் தெரியும். அம்மா என்னைப் பிடித்து உலுக்கினாள். “ஏன்டி முன்னாடியே சொல்லல?” “சொன்னேனேம்மா, தொட்டா தொட்டான்னு ஒவ்வொரு தடவையும் ஒங்கிட்டதானே வந்து சொன்னேன்” என்று அழுதேன். அம்மா என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். “என் மவ இல்லாட்டி கண்ணு போயிருக்கும்” என்று ஊர் முழுக்கச் சொன்னாள். அத்தா வந்து என் தலையில் கை வைத்து, “பெரியவதான் காப்பாத்துனா” என்றார். என் வாழ்நாளில் நான் ஏங்கிக் கிடந்த வார்த்தை. வாங்கிக்கொள்ளத்தான் முடியவில்லை.

வருடங்கள் ஓடின. அத்தா, அம்மா இல்லை. நான் டீச்சரானேன். அவள் ஊரிலேயே இருந்து, ஒற்றைக் கண்ணோடு தையல் மிஷின் ஓட்டி, மூன்று பிள்ளைகளை ஆளாக்கினாள். ஊசியில் நூல் கோர்ப்பதில் இரண்டு கண் உள்ள என்னை இப்போதும் தோற்கடிப்பாள்.

போன மாதம் வந்து என்னோடு ஒரு வாரம் இருந்தாள். எதிர்வீட்டில் ஒரு குட்டி வந்திருந்தது. மருந்தகத்து டாக்டரம்மா சொன்னபடி, தாய் வயிற்றிலிருந்தே குட்டிக்குப் புழு வந்துவிடும், பிறந்து இரண்டு வாரத்திலேயே மருந்தை ஆரம்பித்து விடாமல் கொடுக்க வேண்டும், அசிங்கத்தை அன்றன்றைக்கே அள்ளிவிட வேண்டும் என்று அந்த வீட்டாரிடம் ஒரு பாட்டம் கத்திவிட்டுத் திரும்பினேன். என் வீட்டு வாசலில் இவள் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் அந்தக் குட்டி. கையை நக்குகிறது. அவள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள்.

“கீழ விடுடி மொதல்ல!” என்று நான் போட்ட சத்தத்தில் குட்டி ஓடிவிட்டது.

அவள் பதறவே இல்லை. எழுந்து கையை நீட்டிக்கொண்டு நின்றாள். “சரி சரி, கத்தாத லாத்தா. கழுவிர்றேன். மண்ணு இருக்கா?”

சுற்றிலும் பார்த்தேன். வீட்டைச் சுற்றிச் சிமெண்டுத் தளம்.

“அந்த ரோசாத் தொட்டியில இருந்து அள்ளு, போதும்” என்றாள்.

தொட்டியைக் கிளறி ஒரு கைப்பிடி அள்ளினேன். ஐம்பது வயதுக்கு மேல் ஆகிவிட்டது, இனி எதற்கு மறைப்பது என்று தோன்றியது. “அடியே, ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும்” என்றேன். “அப்ப நான் அள்ளியாந்த மண்ணு... அது மேட்டு மண்ணு இல்லடி.”

“தெரியும்” என்றாள்.

“என்ன தெரியும்?”

“வலைக் கொட்டகை மண்ணு. கையில தேச்ச ஒடனேயே குட்டி வாசம் அடிக்குமே! அந்த வாசத்துக்குத்தானே நான் வெரல எடுக்காமச் சப்பிக்கிட்டே கெடப்பேன்.” அவள் நல்ல கண் என்னைப் பார்த்துச் சிரித்தது. “அம்மா என்னைய அங்கிட்டு விட மாட்டேங்குறாங்க, நான் அழுவேன்னு நீதானே அம்மாவுக்குத் தெரியாம எனக்காக அங்க போயி அள்ளிட்டு வந்த? நான் அத ஒருத்தர்கிட்டயும் சொல்லல லாத்தா. சொன்னா நீ அடி வாங்குவ. டாக்டரு மண்ணுன்னு சொன்னப்பவும் சொல்லல. பிரியமா செஞ்சதுக்கு ஒன்னையப் போயி என்ன சொல்றது?”

ஆறு வயதிலிருந்து அதை அவள் காத்து வைத்திருக்கிறாள். கண் போனது எதனால் என்று தெரிந்த பிறகும் காத்து வைத்திருக்கிறாள். நான் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். மண்ணை அவள் கையில் வைத்துத் தேய்த்துவிட்டு, குவளையில் மொண்டு ஊற்றினேன். “ஒண்ணு... ரெண்டு...” என்று அவளே எண்ணினாள். ஏழு முடிந்ததும் நகக்கண் ஒவ்வொன்றாக நான் பார்த்தேன், சோப்புப் போட்டு மறுபடியும் கழுவினேன். “போதும் விடு லாத்தா” என்று சிரித்தாள்.

அவள் ஊருக்குப் போய் ஒரு மாதம் ஆகிறது. எனக்கு இன்னும் ஆறவில்லை. எல்லாவற்றையும் அவளுக்குத்தான் கொடுத்தார்கள் என்று இத்தனை வருடம் வயிறெரிந்திருக்கிறேனே, இதையும் பாருங்கள். வெயிலில் சந்து சுற்றிப் போய், அடிக்குப் பயப்படாமல், தங்கச்சி அழக்கூடாதே என்று நாய்க்குட்டி வாசத்தைக் கொட்டாங்கச்சியில் அள்ளிக்கொண்டு வந்த ஒரு லாத்தா அவளுக்கு இருந்திருக்கிறாள். எனக்கு அப்படி ஒருத்தி இருந்ததே இல்லை.